மூன்று வரி மிச்சம்

சாப்பிட்ட தட்டை நானே கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைப்பவன் நான். என் மனைவி தமிழ்ப்ரியாவைக் கேட்டால் சொல்வாள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில்கூட எந்த வால்வு எந்தப் பாத்திக்குப் போகிறது என்று பெயிண்டில் எழுதி வைத்தவன் நான்தான். அதற்கு முன்னால் அப்பாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கு அலட்சியம் காரணம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. நான் எந்த வேலையையும் அலட்சியமாகச் செய்ததில்லை.

என் பெயர் பூபதிராஜா. வயது முப்பத்தெட்டு. கஞ்சிக்கோட்டில், ஃபேக்டரிகளுக்குக் கன்ட்ரோல் பேனலும் அதை ஓட்டும் மென்பொருளும் செய்துகொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சீனியர் புரோகிராமர். தமிழிலேயே எழுதித் தரலாம், மலையாளத்துக்கு மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது என்றீர்கள், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் சிஞ்சு மேடம். அதற்கு நன்றி. குமுளிக்கு மேலே இருக்கிற தேயிலை ஃபேக்டரியில் ஜூன் பதினெட்டாம் தேதி மதலேனம்மாள் இறந்துபோனார். அவருடைய மகன் ஜோஜோதான் பச்சைப் பட்டனை அமுக்கி மெஷினை ஓட்டிவிட்டான் என்று உங்கள் அன்வேஷணத்தில், அதாவது விசாரணையில், முடிவாகியிருக்கிறது. ஜோஜோவும் அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான். வழக்கு இப்படியே போனால் அவன் ஜெயிலுக்குப் போவான். பெற்ற தாயைக் கொன்றவன் என்று லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இப்போதே பேச்சு வந்துவிட்டது. அந்த முடிவு தவறு. தவறாக இருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

முதலில் என் வேலை என்ன என்று சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகளைக் கோட் என்போம். ஒரு காரியத்துக்கு வேண்டிய கட்டளைகளை வரிவரியாக எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்தால் அது ஒரு ஃபங்ஷன். நல்ல ஃபங்ஷன் ஒரே ஒரு காரியம்தான் செய்யும். திரையை உருட்டாமல் ஒரே பார்வையில் படித்துவிடலாம். அந்தத் தேயிலை ஃபேக்டரியின் லைனை, அதாவது பச்சை இலை பெல்ட்டில் வந்து பல் உருளைகளுக்குள் போய் அரைபட்டு வெளியே வருகிற வரிசையை, ஓட்டிக்கொண்டிருந்த ஃபங்ஷன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரி. ஒரே ஃபங்ஷன். மேலேயிருந்து கீழே உருட்டினால் விரல் வலிக்கும்.

அதை எழுதியவர் சுவக்கீன். அந்த எஸ்டேட் லயத்திலேயே பிறந்து, எலக்ட்ரீஷியனாக எங்கள் கம்பெனிக்கு வந்து, தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். ஃபேக்டரியிலிருந்து ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் நாலு வரி சேர்ப்பார். பதினோரு வருடம் சேர்த்தார். போன வருடம் ரிட்டயர் ஆகிக் குமுளியில் மகள் வீட்டோடு இருக்கிறார். எங்கள் முதலாளி மோகனசுந்தரம் சார் அந்தக் கோட் ஒரு கோயில் காளை என்பார். அது பாட்டுக்குத் திரியும், மேயும், யாரும் தொடக் கூடாது. ஆபீசில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். நான் எம்.சி.ஏ. படித்தவன். இன்னொருவர் எழுதியதைத் தொடாமல் சுற்றிப் போவது எனக்கு அவமானமாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை.

ஜனவரியில் வேலையை ஆரம்பித்தேன். ரீஃபாக்டரிங் என்போம். மெஷின் செய்கிற காரியம் மாறக் கூடாது, எழுதியிருக்கும் விதம் மட்டும் மாற வேண்டும். நீளமான ஃபங்ஷனில் சேர்ந்தாற்போல் ஒரே காரியத்தைச் செய்கிற பத்து வரியைக் கண்டுபிடித்து, வெட்டி, தனியே வைத்து, அதற்குப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் சரியாக அமைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றாக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அப்பா சொல்வார். நான் அப்படித்தான் ஒவ்வொரு வரியாக அளந்து செய்தேன். நாற்பத்தொரு ஃபங்ஷன் ஆயிற்று. அதில் பெரியது இருபத்திரண்டு வரி. அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கடைசியில் நிறுத்தங்கள் மட்டும் பாக்கி இருந்தன. ஒரு நாளில் லைன் தானாக ஏழு தடவை நிற்கும், தானாகவே ஓட ஆரம்பிக்கும். ஓடுவதற்கு ஐந்து விநாடிக்கு முன்னால் ஹாரன் அடிக்கும். ஷிஃப்ட் மாற, இரும்புத் துகளைப் பிடிக்கிற காந்தத்தைத் துடைக்க, பெல்ட்டைக் கழுவ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. நாலு நிறுத்தம் அறுபது விநாடி. ஒன்று நாற்பத்தைந்து, ஒன்று எழுபத்தைந்து. ஃபேக்டரி மேனேஜரிடம் கேட்டதில் அந்த இரண்டையும் அறுபது ஆக்கிக்கொள்ளலாம் என்றார். மிச்சம் ஒன்று. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூறு விநாடி. அதைப் பற்றி மேனேஜருக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடில் அந்த இடத்தில் சுவக்கீன் ஒரே ஒரு சொல் எழுதி வைத்திருந்தார். மதலேனம்மா.

குமுளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பன்னெண்டு மணிக்கு சர்ச்சுல மணி அடிக்கும்லா தம்பி, அந்த நேரம் அக்கா திரிகால செபம் சொல்லும். செபம் முடிச்சிட்டு உருளை வாயில சிக்குன நாரை எடுக்கும். அதுக்குக் காது கேக்காது, ஹாரன் அடிச்சாலும் தெரியாது. நான் பக்கத்துல நின்னு எண்ணித்தான் தொண்ணூறு வச்சேன். மத்தத என்ன வேணாலும் வெட்டிக்கிடுங்க. அதுல மட்டும் கை வச்சிராதீங்க."

சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் யார் சொன்னாலும் நேரில் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை நான். மார்ச் பன்னிரண்டாம் தேதி கம்பம் வழியாகப் பஸ்ஸில் ஏறி ஃபேக்டரிக்குப் போனேன்.

மதலேனம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. பெல்ட் பக்கத்தில் நின்று, இலையோடு வருகிற காம்பு, கல், சணல் கயிறு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிற வேலை. இருபத்தாறு வருடமாக அதே இடம். அந்த இரைச்சலில்தான் காது போயிருக்கிறது. ஜோஜோ அந்த லைனின் ஆப்பரேட்டர், பத்தடி தள்ளி பேனல் முன்னால் நிற்பான். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் கையாட்டிக் கூப்பிட்டு வாயசைப்பான். இரண்டு பேரும் அப்படியே சிரித்துக்கொள்வார்கள்.

சரியாகப் பன்னிரண்டுக்கு பெல்ட் நின்றது, உருளைகள் நின்றன. அதுவரை கேட்காத சர்ச் மணி அப்போது கேட்டது. மதலேனம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதடசைத்துச் செபம் சொன்னார். அவசரமே இல்லை. முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு, உருளை வாயிலிருக்கும் கம்பி வலையைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, சிக்கியிருந்த நாரைக் கொத்தாக இழுத்தெடுத்து, வலையை மூடினார். நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை உள்ளே போனது ஐம்பத்திரண்டாவது விநாடியில். வெளியே வந்தது எழுபத்தைந்தில். மறுநாளும் நின்று பார்த்தேன். ஐம்பது, எழுபத்தொன்று. ஒரு துண்டுச் சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சட்டப்படி மெயினை ஆஃப் செய்து, பூட்டி, அட்டை தொங்கவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் லைன் திரும்ப ஓடப் பத்து நிமிடம் ஆகும், சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் யாரும் செய்வதில்லை. எல்லா ஃபேக்டரியிலும் இதுதான் கதை என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

புறப்படும்போது மதலேனம்மாள் எனக்குப் பால் விடாத ஒரு கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார். காது கேட்காதவர்கள் பேசுவது போலக் கொஞ்சம் சத்தமாக, "சுவக்கீன் இருந்த எடத்துக்கு வந்திருக்கீகளா தம்பி? நல்லா இருங்க. இந்த நேரம் அவன் எனக்கு வச்சுக் குடுத்தது" என்றார். நானும் தலையாட்டினேன். சாயா நன்றாக இருந்தது.

திரும்பி வந்து அந்த இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தத்துக்கு ஒரே ஃபங்ஷன் வைத்து, எத்தனை விநாடி என்பதை ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், மேடம். கொடுத்திருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஆறு இடத்தில் அறுபது, ஒரே ஒரு இடத்தில் தொண்ணூறு. அந்த ஒன்றுக்காக மூன்று வரி கூடுதல். வரிகூடப் பெரிதில்லை. புதிதாக ஒருவன் வந்து படித்தால் இங்கே மட்டும் ஏன் தொண்ணூறு என்று கேட்பான். அதற்குக் கோடில் பதில் கிடையாது. மதலேனம்மாளைத் தெரிந்திருந்தால்தான் அந்த வரி புரியும். ஒரு ஆளைத் தெரிந்தால்தான் புரியும் என்கிற கோடு நல்ல கோடு இல்லை. என் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

அந்த மூன்று வரியை எடுத்துவிட்டேன். எல்லா நிறுத்தமும் அறுபது.

அறிவிக்காமல் செய்யவில்லை. தானியங்கி நிறுத்தம் இனி அறுபது விநாடி மட்டுமே என்று நோட்டீஸ் அச்சடித்து ஃபேக்டரி போர்டில் ஒட்டச் சொன்னேன். மலையாளத்திலும் இங்கிலீஷிலும். மதலேனம்மாளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அதுவும் செபப் புத்தகம் படிக்கிற அளவுக்கு. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போர்டில் இருக்கிற எல்லா நோட்டீஸும் அந்த இரண்டு மொழியில்தான் இருந்தன. அந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் ஒன்றாக்கினேன். உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது. லைன் ஓடினாலும் நின்றாலும் கம்ப்யூட்டர் தானே ஒரு வரி பதிவு செய்யும், அதை லாக் என்போம். சுவக்கீன் பதினோரு விதமாக எழுதி வைத்திருந்தார். தானாக ஓடினால் ஒரு மாதிரி, ஆள் பட்டனை அமுக்கி ஓட்டினால் வேறு மாதிரி. நான் எல்லாவற்றையும் ஒரே வரியாக்கினேன். ஸ்டார்ட், அதன் பக்கத்தில் அன்றைய ஆப்பரேட்டர் பெயர். யார் ஓட்டினாலும், தானாகவே ஓடினாலும், அதே வரிதான்.

ஏப்ரல் முதல் வாரம் நான் திருத்திய கோட் முழுவதையும் ஃபேக்டரி மெஷினில் ஏற்றினோம். லைன் ஒழுங்காக ஓடியது. மோகனசுந்தரம் சார் கேக் வெட்டினார். பழைய ஃபங்ஷனை இடது பக்கமும் என்னுடையதை வலது பக்கமும் போட்டு ஒரு ஸ்லைடு செய்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் எடுக்கச் சொன்னார். ஏப்ரலும் மேயும் அப்படியே போயின. வெயிலில் இலை குறைவு, காய்ச்சலாகவும் இருக்கும். உருளை வாயில் நார் சிக்காது. மதலேனம்மாளுக்குக் கையை உள்ளே விட வேண்டிய வேலையே பெரும்பாலும் வரவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. ஈர இலை வந்தால் தினமும் நார் சிக்கும். ஒன்பதாம் தேதி ஜோஜோ எனக்குப் போன் செய்தான். அன்றைக்கு உருளை அம்மாவின் கையுறையை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், கை தப்பியதாம். "முந்தி மாதிரி நிக்க மாட்டேங்குது சார். மாதாவுக்கும் அவசரம் வந்திருச்சுன்னு அம்மா சிரிக்குது. செபத்த வெரசாச் சொல்லிப் பாக்குது, அதுக்கு முடியல. கொஞ்சம் பாருங்க சார்" என்றான்.

பார்க்கிறேன் என்றேன். கோடைத் திறந்து பார்த்தேன். அறுபது என்றிருந்தது, அறுபதுதான் இருக்க வேண்டும். தொண்ணூறு ஆக்க வேண்டுமென்றால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நிறுத்த ஃபங்ஷன் பழையபடி ஆகிவிடும். ஸ்லைடில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்றாகும். சுவக்கீன் சொன்னது சரி என்றும் ஆகும். ஜோஜோவைத் திரும்பக் கூப்பிட்டு, "பாத்துட்டேன் ஜோஜோ, சரியாத்தான் இருக்குது" என்றேன். புகார்ப் பட்டியலில் அதை முடிந்தது என்று மாற்றினேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் அதை, சார் சரிசெய்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டான். அடுத்த எட்டு நாள் மழை விட்டிருந்ததால் நார் சிக்கவில்லை, அது மாறவில்லை என்று தெரிய அவனுக்கு வழியில்லை.

பதினெட்டாம் தேதி நடந்தது எனக்கு லாக் வழியாகவும் மற்றவர்கள் சொல்லியும்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு லைன் நின்றிருக்கிறது. ஐம்பத்தைந்தாவது விநாடியில் ஹாரன். அந்தச் சத்தம் கேட்டு ஜோஜோ அம்மா என்று கத்தியிருக்கிறான். அவருக்குக் கேட்காது. லைனை நிறுத்துகிற சிவப்புப் பட்டனைப் பார்த்துக் கையை நீட்டியிருக்கிறான். அறுபதாவது விநாடியில் ஸ்டார்ட், ஆப்பரேட்டர் ஜோஜோ. அறுபத்திரண்டில் ஸ்டாப், ஆப்பரேட்டர் ஜோஜோ. நடுவில் இரண்டு விநாடி. அந்த உருளை இரண்டு விநாடியில் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜீப்பில் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. தலை ஜோஜோ மடியில் இருந்திருக்கிறது.

நாலாம் நாள் போலீசும் நீங்களும் என்னைக் கூப்பிட்டு லாக்கைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். படித்தேன். ஸ்டார்ட், ஆப்பரேட்டர் ஜோஜோ. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். ஆப்பரேட்டர் ஜோஜோ இருக்கும்போது லைன் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்றேன். அப்படியானால் இவன்தான் ஓட்டினானா என்று கேட்டீர்கள். லாக்கில் இருப்பது அவ்வளவுதான் என்றேன். தானாக ஓடினாலும் அதே வரிதான் வருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

வெளியே வரும்போது ஜோஜோ வராந்தாவில் நின்றிருந்தான். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், நான் சிவப்பத்தான அமுக்குனேன். இல்ல, பச்சையத்தான் அமுக்கிட்டனா? நீங்க சொல்லுங்க சார், உங்களுக்குத்தான தெரியும்" என்றான்.

"லாக்குல அப்படித்தான் இருக்குது, ஜோஜோ" என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டுத் தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவன் கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்களானால், ஒன்றும் தோன்றவில்லை. பல்லுக்கு மரப்பு ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடம் தெரியாதே, அந்த மாதிரி. நான்கு மாதமாக அப்படித்தான் இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தோடு அந்தத் துண்டுச் சீட்டையும் வைத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு, எழுபத்தைந்து, ஐம்பது, எழுபத்தொன்று, என் கையெழுத்துதான். மார்ச்சிலேயே தமிழ்ப்ரியா சட்டையைத் துவைக்கப் போடும்போது அதைப் பார்த்து, ஏனுங்க இது என்ன கணக்கு என்று கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே விவரம் சொன்னேன். அப்போ அறுபது பத்தாதுங்களே என்றாள். பழகிக்குவாங்க என்றேன். சீட்டை நான் மறந்துவிட்டேன், அவள் பீரோவில் எடுத்து வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஜோஜோ படம் வந்தது. அன்றைக்குச் சோறு போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டையும் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுங்களா?" என்றாள். நான் எப்படியும் சொல்வதாகத்தான் இருந்தேன். இப்போது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். துணைக்கு வந்திருக்கிறாள்.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இது. ஜூன் பதினெட்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணி தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது அந்த லைனை ஓட்டியது ஜோஜோ அல்ல, நான். மதலேனம்மாள் கை அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். எண்ணி எழுதி வைத்திருந்தேன். ஜோஜோ மறுபடி ஒருமுறை சொன்னான். அப்போதும் மாற்றவில்லை. மூன்று வரி மிச்சமாயிற்று.

நேற்று அதைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பகல் பன்னிரண்டுக்கு லைன் இப்போது தொண்ணூறு விநாடி நிற்கிறது. அந்த நேரத்தில் அங்கே யாரும் செபம் சொல்வதில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். லைன் நின்றால் எல்லோரும் வெளியே போய் நிற்கிறார்களாம்.

ஜோஜோவிடம் இதை யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வது முறை, மேடம். சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். நீளமாகச் சொன்னால் அவனுக்குப் புரியாது.